எல்லை தாண்டினால் 47 ரூபாய் ஸ்டாம்பா?

"இனி சாதாரணத் தபால் கிடையாது, கேரளாவிலிருந்து தமிழ்நாட்டுக்குக் கடிதம் போட 47 ரூபாய் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும்" என்று பாலக்காடு மாவட்டத் தமிழர்களிடையே ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கோ சென்னைக்கோ, 20 கிராம் வரையுள்ள சாதாரணக் கடிதத்துக்கு 5 ரூபாய்தான். தபால் கட்டணத்துக்கு மாநில எல்லை தெரியாது. வாளையாறு சோதனைச் சாவடி லாரிகளின் கவலை. இன்லேண்ட் 2.50 ரூபாய், அஞ்சலட்டை 50 காசு. (அந்த 50 காசைச் சில்லறையாகக் கொடுப்பதுதான் கஷ்டம்.)

47 ரூபாய் எங்கிருந்து வந்தது? பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு இணைத்தார்கள்; 2025 அக்டோபர் 1 முதல் விரைவுத் தபாலுக்குப் புதிய கட்டணம். 50 கிராம் வரை உள்ளூருக்கு 19, வெளியூருக்கு 47. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்ந்தால் 55.46 ரூபாய். வக்கீல் நோட்டீஸ் அனுப்புபவருக்கு இது உறைக்கும். கல்யாணப் பத்திரிகைக்குத் தேவையில்லை.

ஆனால் மூலையில் மஞ்சள் தடவிய அந்தக் கெட்டி அட்டைப் பத்திரிகை 20 கிராமைத் தாண்டிவிடும். ஒன்றை மட்டும் கவுண்டரில் நிறுத்துப் பாருங்கள். ஸ்டாம்ப் குறைந்தால், குறைந்த தொகையின் இரட்டிப்பை மாமா வீட்டு வாசலில் தபால்காரர் கேட்பார்.