தடைக்காலமும் லீவும் சேர்ந்து வரும் வீடுகளுக்கு

ஏப்ரல் பிறந்தால் லீவை எப்படிச் சமாளிப்பது என்று ஆளாளுக்கு யோசனை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். ஓவிய வகுப்பு, கோடை முகாம், கொடைக்கானலுக்கு நாலு நாள். ராமநாதபுரம் மாவட்டக் கரையில் தொண்டியிலிருந்து மண்டபம் வரைக்கும், அந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரைக்கும் விசைப்படகை நம்பிப் பிழைக்கும் வீடுகளுக்கு இதில் எதுவும் ஒட்டாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. பள்ளி லீவும் அதற்குள்தான் விழுகிறது. பிள்ளைகள் வீட்டில், அப்பா கரையில், சம்பாத்தியம் பூஜ்யம். மூன்றுக்கும் ஈடு கொடுப்பது அம்மா ஒருத்தி.

ஆகவே இந்த வீடுகள் லீவைப் பள்ளிக்கூடத்துக் கணக்கில் பார்க்கக் கூடாது, தடைக்காலக் கணக்கில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் காசு. தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8000 ரூபாய். 61 ஆல் வகுத்துப் பாருங்கள், நாளொன்றுக்கு 131 ரூபாய் வரும். அதுவும் தடை தொடங்கிய அன்றே கைக்கு வரும் என்று நம்பிக் கடன் சொல்லக் கூடாது. குழுக்கடன் தவணை வாராவாரம் நிற்காமல் வரும். அதைக் கட்டப் படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கினால் ஜூனில் மீன் விற்ற காசைப் பங்கு பிரிக்கும்போது பிடித்துக்கொள்வார்கள். பிப்ரவரி, மார்ச்சில் பங்கு நன்றாகக் கிடைத்த நாட்களிலேயே இரண்டு மாதத் தவணையை மட்டுமாவது ஒதுக்கி வைத்துவிடுங்கள். நகையை வைப்பதாக இருந்தாலும் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வையுங்கள். மீட்டர் வட்டிக்காரரிடம் போனால் அடுத்த தடைக்காலம் வரை அதுதான் ஓடும்.

அடுத்தது சோறு. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுக்குக் காலை உணவும் சத்துணவும் சேர்த்து வாரத்துக்கு 20 வேளை பள்ளியில் ஓடிவிடும். லீவு விட்ட அன்றிலிருந்து அந்த 20 வேளையும் உங்கள் அடுப்புக்கு வந்துவிடும். கேஸ் சீக்கிரம் தீர்வதும் மாத நடுவில் ரேஷன் அரிசி குறைவதும் இதனால்தான். லீவுக்கு முன்னால் மாற்று சிலிண்டர் நிரம்பி இருக்கட்டும். காலையில் நீராகாரம், வெங்காயம், கருவாடு என்று வைத்தால் ஒரு வேளை அடுப்பு மிச்சம், வெயிலுக்கும் நல்லது. கைக்குழந்தை இருந்தால் அங்கன்வாடியை விட்டுவிடாதீர்கள். மே மாதத்தில் சில நாட்கள்தான் அதற்கு லீவு.

வெயிலில் ஆடிவிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று பிள்ளை படுத்தால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் சர்க்கரை தட்டையாக 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. கை போன போக்கில் உப்பை அள்ளிப் போடக் கூடாது, கூடினால் ஆபத்து.

இனி ஆம்பளைகள் விஷயம். படகைக் கரையேற்றி மராமத்து, வலை கட்டுவது என்று வேலை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நாள் முழுக்க இல்லை. மீதி நேரம் கரையிலுள்ள வாடிக் கொட்டகை நிழலில் சீட்டாட்டத்தில் போகிறது. தினமும் காலை 6 முதல் 9 வரை பிள்ளைகள் அப்பா பொறுப்பு என்று வீட்டில் பேசி முடிவு பண்ணிவிட வேண்டும். நீச்சல் சொல்லித் தர இதைவிட நல்ல ஆளும் நேரமும் கிடைக்காது. மே பாதிக்கு மேல் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பலத்தால் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும். அப்போது வடகடலான பாக் நீரிணைப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் இறக்குங்கள். சொறி (ஜெல்லி மீன்) பட்டால் நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், மண் போட்டுத் தேய்க்காதீர்கள். தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் அதில் இன்னும் வெடிக்கும். கடல் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். திருக்கை குத்தினால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

ராமேஸ்வரம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் வீடு இருந்தால் விருந்தாளி தனிப் பாடு. "மீன் ஊர்தானே" என்று வருவார்கள். தடைக்காலத்தில் நாட்டுப்படகு மீன்தான், சீலா மீன் விலை கேட்டால் நமக்கே தலை சுற்றும். குடிதண்ணீரைக் குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் வீட்டில் ஆறு பேர் கூடுதலாகத் தங்கினால் என்ன ஆகும்? "அத்தே, தடை முடிஞ்சு ஜூன் கடைசில வாங்க, மீனும் தாராளமா கிடைக்கும்" என்று போனிலேயே சொல்லிவிடுவதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

வந்தே தீருவார்கள் என்றால் ராமேஸ்வரம் கோயிலுக்கு விடியுமுன் கிளப்பிவிடுங்கள். பெரும்பாலும் நடப்பது இதுதான்: இட்லி சாப்பிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பி, அக்னி தீர்த்தத்தில் குளித்து, 22 தீர்த்த வரிசையில் நின்று முடிக்கும்போது உச்சிவேளை. ஈரத்துணியை மாற்றாமல் சாமி கும்பிட விடமாட்டார்கள். மாற்றிக்கொண்டு வந்தால் நடை சாத்தியிருக்கும். சாப்பாட்டுக்கு உங்கள் வீடு. மறுபடி தரிசனம் முடிந்தால் தனுஷ்கோடிக்கு நேரமாகிவிட்டது, மாலையில் வண்டியை விடமாட்டார்கள். ஆக இன்னொரு ராத்திரி தங்கல். அவர்கள் தாமதமாகக் கிளம்பிய நாலு மணி நேரத்துக்கு உங்கள் அடுப்பில் மூன்று வேளை கூடும்.

குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர் பிரிக்கும் தலைக்கட்டு வரியையும் திருவிழாத் துணிமணியையும் ஊர்க்கூட்டத்தில் பேசி இரண்டு தவணையாக்கினால் பலரும் மூச்சு விடலாம். கேட்க ஆள்தான் இல்லை.

கடைசியாக ஜூன். பள்ளி பெரும்பாலும் தடை முடிவதற்கு முன்பே திறந்துவிடும். படகு 15ஆம் தேதிதான் போகும். போனாலும் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் இறால் கொண்டுவந்து இறக்கினால் விலை சரியும், முதல் பங்கில் முன்பணமும் பிடித்தமாகும். தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு முதல் பருவக் கட்டணத்தை ஜூலையில் கட்டுகிறோம் என்று மார்ச்சிலேயே அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிய நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் புத்தகமும் நோட்டும் கொடுப்பார்கள். டிபன் டப்பா, வேன் காசு உங்கள் கைப்பொறுப்பு.