குரல் வீட்டில், மிருதங்கம் ஸ்டுடியோவில்

சொந்தமாகப் பாட்டு எழுதி மெட்டுப் போடும் தம்பி தங்கைகள் இன்பாக்ஸில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "அண்ணா, கையில 40,000 ரூபா இருக்கு. ஸ்டுடியோவுக்குப் போகவா, வீட்டுலயே செட்டப் வாங்கிப் போடவா?" தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

குரலுக்காக ஸ்டுடியோவில் காசைக் கொட்டாதீர்கள். தோல் வாத்தியத்தை வீட்டில் பதியாதீர்கள். பதிந்த ஒலிகளை அளவு பார்த்து ஒன்றாகக் கலக்கும் கடைசி மிக்ஸிங்கை இன்னொருவர் கையில் கொடுங்கள். இதுதான் என் கட்சி.

முதலில் குரல். ஸ்டுடியோ வாடகை மணிக்கணக்கு. புதிதாகப் பாட வருகிறவருக்குக் குரல் இளகி, வரிகள் வாயில் உட்காரவே ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். "இந்த டேக் போதும், பிட்ச்சைச் சரி பண்ணிக்கலாம்" என்று சொல்லிவிடுவார்கள். பிட்ச், அதாவது சுருதி, சரியாகிவிடும். பாடியவரின் தயக்கம் அப்படியே பதிவில் நிற்கும், அதைச் சரிசெய்ய எந்த சாஃப்ட்வேரும் கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரு பாடகி இரவு பதினொரு மணிக்கு மேல், தெருவில் ஆட்டோ சத்தம் அடங்கிய பிறகுதான் உட்காருவார். ஃபேனை நிறுத்திவிடுவார். முதுகுக்குப் பின்னால் கொடி கட்டி இரண்டு கனத்த போர்வைகள் தொங்கும். பலர் போர்வையை மைக்குக்குப் பின்னால் மட்டும் கட்டிவிட்டு, எதிரொலி போகவில்லையே என்று புலம்புகிறார்கள். கார்டியாய்ட் மைக் தன் முன்பக்கத்தைத்தான் அதிகம் கேட்கும். பாடுகிறவரும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரும்தான் அதன் முன்பக்கம். ஆகவே போர்வை முக்கியமாக வேண்டியது அங்கேதான். வியர்த்துக் கொட்டிக்கொண்டு அவர் ஒரு சரணத்தை விடாமல் பாடிப் பார்ப்பார். பிடிக்கவில்லையென்றால் அடுத்த நாள் ராத்திரி மறுபடி. அந்தச் சுதந்திரத்தை எந்த ஸ்டுடியோவும் நமக்குக் கட்டுப்படியாகும் விலையில் தராது.

1982 ஜனவரியில் அமெரிக்க ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூஜெர்சியில் தன் வீட்டில் உட்கார்ந்து, நான்கு ட்ராக் கேசட் ரிக்கார்டரில் இரண்டு சாதாரண டைனமிக் மைக்குகளை வைத்துப் பாடினார். டெமோவாகத்தான் பதிந்தார். பிறகு இசைக்குழுவைக் கூட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய் அதே பாடல்களைப் பதிந்தும் திருப்தி வரவில்லை. கடைசியில் அந்தக் கேசட்டில் இருந்ததே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளிவந்தது. அவருக்கு எந்த ஸ்டுடியோவையும் எடுக்க வசதி இருந்தது. இருந்தும் வீட்டுப் பதிவுதான் வென்றது. தனிக்குரலும் ஒரு கிதாரும் என்றால் வீடு போதும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

ஆனால் மிருதங்கம் வேறு விஷயம். இங்கேதான் நம் பிள்ளைகள் யூடியூபில் வெள்ளைக்காரர்களின் பாடங்களைப் பார்த்து ஏமாந்து போகிறார்கள். அந்தப் பாடங்கள் பெரும்பாலும் குரல், கிதார், கீபோர்டு பற்றியவை. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் எழும் கும்கியைப் பற்றி அங்கே யார் சொல்லித் தரப் போகிறார்கள்?

நம் வீட்டு அறை 10க்கு 10 அடி. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவில் சுமார் 56 ஹெர்ட்ஸிலும், அதன் இரு மடங்கான 112 பக்கத்திலும் ஒலி மாட்டிக்கொண்டு வீங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு திசையிலும் அதே அதிர்வெண்ணே வீங்கும். கும்கி என்பது ஒரே இடத்தில் நிற்கிற ஒலி இல்லையே. உள்ளங்கையின் அடிப்பகுதி தோலில் அழுந்த அழுந்த வழுக்கி ஏறுகிற ஒலி அது. சின்ன அறையில் அந்த வழுக்கல் ஓரிடத்தில் திடீரென்று வீங்கும், அடுத்த இடத்தில் காணாமல் போகும். வாசித்தவர் சீராகத்தான் வாசித்திருப்பார். கேட்கிறவருக்கு அவர் கை தடுமாறியது போல இருக்கும். ஒரு கலைஞருக்கு நாம் செய்யும் அநியாயம் இது.

முட்டை அட்டை ஒட்டினால் சரியாகுமா? ஆகாது. இரண்டு அங்குல ஃபோம் ஒட்டினாலும் ஆகாது. 56 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டர். இரண்டு அங்குலப் பஞ்சு அதற்குத் தூசு. உச்சஸ்தாயி ஒலி மட்டும் அடங்கி, அறை இன்னும் மொத்தையாகக் கேட்கும். மைக்கை வாத்தியத்துக்கு ஒட்டி வைத்தால் அறையின் ஒலி குறையும், உண்மைதான். ஆனால் வலப்பக்கமான வலந்தலையும் தொப்பியும் ஒன்றாகக் கலந்து நாதமாக, காற்றில் கொஞ்சம் தூரம் வேண்டும். தவில், பறை, நாதஸ்வரம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இவை கோயில் பிராகாரத்திலும் தெருவிலும் ஒலிக்கப் பிறந்தவை. ஸ்டுடியோவில் நாம் காசு கொடுப்பது முதலில் உயரமான கூரைக்கும், கணக்குப் போட்டுக் கட்டிய சுவருக்கும்தான்.

ஸ்டுடியோ போகிறவர்களுக்கு ஒன்று. ஏசியைக் கடுங்குளிரில் வைத்துவிட்டு உட்காராதீர்கள். குளிரூட்டிய வறண்ட காற்றில் தொப்பியில் ஒட்டிய ரவை காயும், தோல் இறுகும், சுருதி நகரும். கலைஞர் முன்னதாக வந்து ரவை பிசைந்து ஒட்டி, கல்லால் தட்டிச் சுருதி சேர்த்து, அந்த அறைக்கு வாத்தியம் பழக நேரம் கொடுங்கள். வாடகை ஓடுகிறதே என்று அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

"ரகுமான் வீட்டுலதானே ஆரம்பிச்சாரு" என்று ஒருவர் தவறாமல் வருவார். ஆமாம், கோடம்பாக்கத்தில் அவர் வீட்டை ஒட்டித்தான் பஞ்சதன் ஸ்டுடியோ இருந்தது, 1992இல் வந்த ரோஜா அங்கேதான் உருவானது. ஆனால் அது படுக்கையறையில் வைத்த லேப்டாப் இல்லை. ஒலிக்கென்றே கட்டிய ஸ்டுடியோ. கூடவே ஹெச். ஸ்ரீதர் என்ற மகா ஒலிப்பொறியாளரின் காது இருந்தது, 2008இல் அவர் மறையும் வரைக்கும். 2020இல் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருது வாங்கிய அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷையும் சொல்வார்கள். அண்ணன் ஃபினியஸின் படுக்கையறையில் பதிந்ததுதான், மறுக்கவில்லை. அதை மிக்ஸ் செய்தவர் ராப் கினெல்ஸ்கி, வெளியீட்டுக்கு முன் கடைசி மெருகேற்றும் மாஸ்டரிங் செய்தது வேறொருவர். பாட்டோடு நாளெல்லாம் படுத்து எழுந்த காதுக்கு அதன் குறை கேட்காது. வெளிக்காது வேண்டும், அதற்குக் காசு கொடுக்க வேண்டும்.

ஆக, அந்த 40,000 ரூபாயில் பாதியைத் தாண்டாமல் ஒரு கண்டென்சர் மைக், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இரண்டு சேனல் இன்டர்ஃபேஸ், நல்ல ஹெட்போன் வாங்குங்கள். அடுத்த பாட்டுக்கும் அதே கருவிதான். மீதியில் ஒரு அரைநாள் ஸ்டுடியோ, வாசிக்கிறவருக்குச் சம்பளம், மிக்ஸிங். மூன்றில் எதையாவது குறைத்தே ஆக வேண்டுமென்றால் ஸ்டுடியோ நேரத்தைக் குறையுங்கள், வீட்டிலேயே ஒத்திகையை முடித்துவிட்டுப் போங்கள். கலைஞரின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். கீபோர்டில் மிருதங்க சாம்பிள், அதாவது முன்பே பதிந்து வைத்த ஒலித்துணுக்கு, வந்த நாளிலிருந்து எத்தனை வாத்தியக்காரர்களின் பிழைப்பில் மண் விழுந்திருக்கிறது என்பதைக் கோடம்பாக்கத்தில் யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். யூடியூபில் போடும்போது அவர் பெயரையும் போடுங்கள்.

புக் செய்யும் முன் நேரில் போய் அறை நடுவில் நின்று கை தட்டிப் பாருங்கள். அங்கே பதிந்த தவிலோ மிருதங்கமோ இருந்தால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மைக் பெயர்களைப் பட்டியல் போட்டுவிட்டு இதைக் காட்டத் தயங்குகிற இடம் நமக்கு வேண்டாம்.

மதுரை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கம் தோல் வாத்தியத்தை நன்றாகப் பதிகிற அறைகள் யாருக்காவது தெரிந்தால் கீழே சொல்லுங்கள். அங்கிருந்து கேட்கிற பிள்ளைகளைச் சென்னைக்கு பஸ் ஏற்றிவிட எனக்கு மனசில்லை.