மிட்டாய் திரும்பி வந்துவிட்டது, பிள்ளைகள் எங்கே?

இப்போது எந்த ஊர்க் கடைத்தெருவுக்குப் போனாலும் ஒரு பெட்டி கண்ணில் படுகிறது. தேன் மிட்டாய், கமர்கட், புளிப்பு மிட்டாய், சூட மிட்டாய், பல்லி மிட்டாய், ஆரஞ்சு மிட்டாய், இலந்தை வடை என்று வகை வகையாகச் சிறு சிறு அறைகளில் அடுக்கி, மேலே பம்பரமும் கோலிக்குண்டும் வரைந்து, 'தொண்ணூறுகளின் பிள்ளைகளுக்காக' என்று எழுதிச் சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். கைப்பேசியில் சொன்னால் வீட்டுக்கே வந்துவிடுகிறது. வாங்குகிறவர்கள் நாற்பதைத் தொட்டவர்கள். படம் பிடித்துப் பதிவிடுகிறார்கள், நண்பர்கள் வந்து நெகிழ்கிறார்கள். தவறாமல் யாராவது ஒருவர் கீழே எழுதுகிறார்: இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மிட்டாய் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நல்ல கமர்கட் கிடைத்தால் இன்றும் விடமாட்டேன். ஆனால் நம்மிடம் இருந்து போனது கமர்கட் என்று நினைத்துக்கொண்டு, அதைக் காசு கொடுத்து மீட்டுவிட்டதாக மகிழ்ந்து, போனது எது என்பதைப் பார்க்காமலேயே இருக்கிறோமே, அதுதான் பொறுக்கவில்லை.

நான் வளர்ந்தது கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் இடையில் ஒரு கரிசல் கிராமம். எண்பதுகள். பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஓர் ஆச்சி பெட்டிக்கடை வைத்திருந்தார். துருவேறிய தகர மூடி போட்ட கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாக நிற்கும். ஐந்து காசு சதுரமான அலுமினிய நாணயம், பத்துக் காசுக்கு விளிம்பு அலையலையாக வளைந்திருக்கும், இருபது காசு அறுகோணம். கால்சட்டைப் பைக்குள் கையை விட்டாலே எவ்வளவு இருக்கிறது என்று விரல் சொல்லிவிடும்.

கடை முன்னால் நின்று முடிவெடுப்பதுதான் பெரிய வேலை. வீடு போய்ச் சேரும்வரை கரையாத கமர்கட்டா, கடித்ததும் பாகு வழியும் தேன் மிட்டாயா, இரண்டையும் விட்டுவிட்டு அதிர்ஷ்டச் சீட்டு ஒன்றைக் கிழித்துப் பார்ப்பதா? ஓர் அட்டையில் வரிசையாகச் சீட்டுகள் ஒட்டியிருக்கும். கிழித்துப் பிரித்தால் உள்ளே ஓர் எண். அந்த எண்ணுக்குரிய பொருள் நமக்கு. அட்டையின் உச்சியில் தொங்கிய பெரிய பலூன் எங்கள் கூட்டத்தில் யாருக்குமே விழுந்ததில்லை. இருந்தும் கிழித்தோம். ஏமாந்ததும் எங்கள் காசில், எங்கள் முடிவில்.

ஆச்சி எங்களை அவசரப்படுத்தியதில்லை. வெற்றிலை வாங்க வந்த பெரியவர்கள் பின்னால் நின்றாலும், முதலில் வந்த பிள்ளைக்குத்தான் முதலில். ஏழு வயதுப் பையனின் ஐந்து காசுக்கும் வரிசையில் ஓர் இடம் இருந்தது. மிச்சக் காசை உள்ளங்கையில் எண்ணி வைப்பார். முந்தாநாள் வைத்த பாக்கியையும் மறக்காமல் நினைவூட்டுவார். ஒரு சின்னப் பிள்ளையை முழு ஆளாக மதித்த இடம் எங்கள் ஊரில் அந்த ஒரு கடை. வீட்டில் மதிப்பெண், பள்ளிக்கூடத்தில் பிரம்பு, கோயிலில் 'ஓரமாக நில்'. ஆச்சி கடையில் மட்டும் 'உனக்கு என்ன வேண்டும்?'

அந்தக் கேள்விக்குத்தான் ஏங்குகிறோம் என்று நினைக்கிறேன். பெட்டிக்குள் அதை வைத்து அனுப்ப முடியாது.

எங்கள் அக்காக்களுக்கு அந்த உரிமை பாதியிலேயே பறிபோனது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வயதுக்கு வந்த அன்றோடு கடைக்குப் போவது நின்றது. அதன் பிறகு அவர்களுக்கு என்ன மிட்டாய் என்பதை நாங்கள் முடிவு செய்தோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது பொய்யாகிவிடும். கரிசல் பக்கத்துப் பையன்களுக்குத் தீப்பெட்டிப் படம்தான் பெரிய சொத்து. பெட்டியின் மேலட்டையைக் கிழியாமல் வெட்டியெடுத்துக் கட்டுக் கட்டாகச் சேர்ப்போம். தரையில் வட்டம் போட்டு நடுவில் படங்களை அடுக்கிவைத்து, தூரத்திலிருந்து சில்லை வீசி வட்டத்துக்கு வெளியே தள்ளினால் படம் நமக்கு. புலி, மயில், ரயில், தாமரை எனப் படத்துக்குப் படம் மதிப்பு மாறும். அரிதான படம் ஒன்றுக்குச் சாதாரணப் படம் பத்து. இணையத்தில் இன்று அந்தப் படங்களைச் சட்டம் போட்டு விற்கிறார்கள், அழகாகத்தான் இருக்கின்றன.

அந்தப் படத்தைப் பெட்டியில் ஒட்டியது யார்? எங்கள் வயதுப் பிள்ளைகள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்தில் விடியும் முன்பே ஆலை வண்டி ஊருக்குள் வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளைத் தாய்மார்கள் தூக்குச்சட்டியோடு ஏற்றிவிடுவார்கள். குச்சி அடுக்க, பெட்டி செய்ய, லேபிள் ஒட்ட. இருட்டிய பிறகுதான் திரும்பி வருவார்கள். என்னோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் சிலர் மூன்றாம் வகுப்பில் இல்லை. அவர்கள் கையில் எங்களைவிட அதிகக் காசு புழங்கியிருக்கும், ஆனால் அது வீட்டுக்குப் போகும் காசு. விளையாட நேரமும் இல்லை. சிவகாசிப் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் இருந்த குழந்தைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996 டிசம்பரில். சட்டத்தை மீறி வேலைக்கு வைத்தவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 'தொண்ணூறுகளின் பிள்ளைகள்' என்று நாம் கொண்டாடும் வரிசையில் அந்தப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

ஆகவே எங்கள் காலம் பொற்காலம் என்று யாராவது எழுதினால், யாருக்கு என்று கேட்பேன். மாலை நேரம் சொந்தமாக இருந்தவனுக்கு, பையில் ஐந்து காசு இருந்தவனுக்கு. அது எல்லோருக்கும் கிடைக்காத வரம். அதனாலேயே அது பெரிது. இன்று அதைக் கொடுக்கக்கூடிய நிலையில் இருக்கும் வீடுகளும் கொடுப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மிட்டாய்ச் சுத்தத்தைப் பற்றியும் பேசலாம். ஜவ்வு மிட்டாய்க்காரர் வந்தால் தெருவே கூடும். தோள் உயரத்துக்கு மூங்கில் கழி, அதன் உச்சியில் ஒரு பொம்மை. கயிற்றை இழுத்தால் பொம்மை கைதட்டும். கழியைச் சுற்றி ரோஜா நிறத்திலும் வெள்ளையிலும் இழுவையான மிட்டாய். விரலால் ஓர் இழை இழுத்து, முறுக்கி, மடக்கி, மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டிவிடுவார். மயில் கேட்டால் மயில், தேள் கேட்டால் தேள். கடைசியில் துளியளவு கிள்ளிக் கன்னத்தில் ஒட்டிவிடுவார், அது கொசுறு. அந்த விரல்களின் வேகத்தை இன்று எந்த இயந்திரத்திலும் நான் பார்க்கவில்லை. ஆனால் அந்த ரோஜா நிறம் எதிலிருந்து வந்தது என்று அன்று யாரும் கேட்கவில்லை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தார்களே, காரணம் ரோடமின்-பி என்ற சாயம். துணிக்கும் தாளுக்கும் ஏற்றுகிற சாயம் அது. தடை சரிதான். 'நாங்கள் தின்றோம், எங்களுக்கு என்ன ஆனது' என்று வீரம் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சாயத்தைத் தடுப்போம். அந்தக் கைத்தொழில்காரருக்கு நல்ல நிறம் எது என்று சொல்லிக்கொடுத்து உரிமமும் வாங்கிக்கொடுப்போம். பிள்ளையையும் கடைக்காரரையும் சேர்த்தே தெருவிலிருந்து அப்புறப்படுத்திவிட்டுச் சுத்தமாக இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்வதில் என்ன இருக்கிறது?

ஊர்ப் பெருமையாகச் சொல்ல ஒன்று உண்டு. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மானாவாரிக் கரிசலில் விளைந்த கடலையும் வெல்லப்பாகும்தான் சரக்கு. பழைய மிட்டாய் மீது நமக்கிருக்கும் ஏக்கம் இங்கே மிட்டாய் செய்கிறவர் கைக்கே பலனாகப் போய்ச் சேர்ந்தது. அப்படிப்பட்ட ஏக்கம் எவ்வளவு வந்தாலும் நல்லது.

படக்கதைகளில் நடந்ததும் மிட்டாயில் நடந்ததும் ஏறக்குறைய ஒன்றே. சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. மின்சாரம் தொட்டால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்த மாயாவியைப் படித்துவிட்டு, வீட்டு சுவிட்ச் பலகையை ஒருவித மரியாதையோடு பார்த்த பையன்கள் தமிழ்நாடு முழுவதும் இருந்தார்கள். 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது, அதே ஆண்டில் ராணி காமிக்ஸ் ஒன்றரை ரூபாய்க்கு வந்தது. வாண்டுமாமாவின் ஆசிரியப் பொறுப்பில் பூந்தளிரும் அந்த ஆண்டுதான். அதற்கு முன்பே 1947 முதல் அம்புலிமாமா, 1972 முதல் கோகுலம். ஒன்றரை ரூபாய் பெரிய காசுதான், ஆனாலும் சேர்த்துவிடலாம். மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து வாங்கி முறைவைத்துப் படிப்போம். படித்ததைக் கொடுத்துப் படிக்காததை வாங்குவோம். ஒரு புத்தகம் தெருவைச் சுற்றி வந்து அட்டையில்லாமல் வீடு சேரும்.

இன்று முத்துவும் லயனும் வழவழப்பான தாளில், வண்ணத்தில், அற்புதமாக வருகின்றன. இத்தனை ஆண்டுகள் ஒரு குடும்பம் விடாப்பிடியாக நடத்திவருவதை வணங்குகிறேன். ஆனால் சென்னைப் புத்தகக் காட்சியில் அந்த அரங்குக்குப் போய்ப் பாருங்கள், நிற்பவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தலை நரைத்திருக்கிறது. நாம் நமக்கே வாங்கிக்கொண்டிருக்கிறோம். அம்புலிமாமா நின்றது, பூந்தளிர் நின்றது, ராணி காமிக்ஸ் 2005இல் நின்றது. அவை உயிரோடு இருந்தபோது நம் பிள்ளைகளுக்காக எத்தனை பேர் சந்தா கட்டினோம்? நின்ற பிறகு பழைய இதழ் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். சிறுவர் அறிவியல் இதழான துளிர் இன்றும் வருகிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கல்வித்துறை ஊஞ்சல், தேன்சிட்டு என்று இதழ்கள் கொண்டுவருகிறது. அவற்றைப் பற்றி ஒரு பதிவு எழுத நம்மில் யாருக்கும் தோன்றுவதில்லை.

காசுக்கு வருகிறேன். 2011 ஜூன் 30ஆம் தேதியோடு 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் செல்லாமல் போயின. அதற்கு வெகுகாலம் முன்பே கடைக்காரர்கள் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். விலைவாசி ஏறினால் சிறு நாணயம் சாவது இயல்பு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதன் இடத்தை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்கள் பிடித்திருக்க வேண்டும். கொஞ்ச காலம் பிடித்தன. பிறகு சில்லறைக்குப் பதில் கல்லாவில் ஒரு சாக்லேட்டை எடுத்து நீட்டும் வழக்கம் வந்தது. அதற்கும் பிறகு 2016இல் யுபிஐ வந்தது. பெரியவர்களுக்கு அது எவ்வளவு வசதி என்று எனக்கும் தெரியும், நானும் அதில்தான் கீரை வாங்குகிறேன். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையிடம் கைப்பேசியும் இல்லை, வங்கிக் கணக்கும் இல்லை, நாணயமும் இல்லை. நாணயத்தில் பெயர் எழுதியிருக்காது, கடவுச்சொல் கேட்காது, யார் கையில் இருக்கிறதோ அவருடையது. பிள்ளைகளுக்கு ஏற்ற ஒரே பணம் அதுதான். அது நம் பையிலிருந்தே மறைந்தபோது அவர்கள் கையிலிருந்தும் மறைந்ததை நாம் கவனிக்கவே இல்லை.

இன்றைய பிள்ளைக்கு எதுவும் குறைவில்லை என்கிறார்கள். பொம்மை கேட்டால் மறுநாள் வாசலில் அட்டைப்பெட்டி. உண்மைதான். கேட்டால் கிடைக்கிறது. ஆனால் கேட்க வேண்டியது அப்பாவிடமும் அம்மாவிடமும். தேர்வு செய்வது, பேரம் பேசுவது, மிச்சம் எண்ணுவது, ஏமாறுவது, நாளைக்கு என்று ஒதுக்கிவைப்பது இவற்றில் ஒன்றைக்கூட அந்தப் பிள்ளை செய்வதில்லை. பிறகு பதினெட்டு வயதில் வேறு ஊர் விடுதியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பணத்தின் அருமை தெரியவில்லை என்று திட்டுகிறோம்.

பயம் இருக்கிறது, புரிகிறது. எங்கள் தெருவில் மாட்டுவண்டி போனது, இன்று தண்ணீர் லாரி பறக்கிறது. தினமும் செய்தித்தாளைத் திறந்தால் நெஞ்சு பதறுகிறது. பிள்ளையைத் தனியே அனுப்பாத தாயை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் தெருவைப் பிள்ளைகளுக்கு ஏற்றதாக மாற்றச் சொல்லி வார்டு உறுப்பினரிடம் ஒரு மனு கொடுத்திருக்கிறோமா? நடைபாதையில் வண்டி நிறுத்துகிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறோமா? பள்ளி வாசலில் மாங்காய்க் கீற்றும் நெல்லிக்காயும் விற்கும் பாட்டியை விரட்டியபோது எத்தனை பெற்றோர் வாய் திறந்தோம்? அந்தப் பாட்டிக்கு ஒரு கண்ணாடி மூடியும் குடிக்கத்தக்க தண்ணீரும் கொடுத்திருந்தால் போதுமே.

இதைப் படிக்கும் என் வயதுக்காரர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை அந்தப் பெட்டியை ஆர்டர் செய்யத் தோன்றினால், அந்தக் காசைப் பத்து ரூபாய், ஐந்து ரூபாய் நாணயங்களாக மாற்றிக்கொள்ளுங்கள். அடுக்ககத்தில் இருப்பவர்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு, தெருமுனைக் கடைக்கு அவர்களை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் தள்ளி நில்லுங்கள். கடைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பிள்ளைகள் வந்தால் பேசவிட்டு விற்கும்படி. பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு இது இன்னும் எளிது, அங்கே கடைக்காரருக்கு உங்கள் பிள்ளை யாருடைய பேரன் என்பது தெரியும். வாங்கி வருவது கமர்கட்டாக இருக்காது. ஏதோ ஒரு பளபளப்பான பாக்கெட்டாகவோ, இரண்டு நாளில் உடைந்துவிடும் பிளாஸ்டிக் விசிலாகவோ இருக்கும். இருக்கட்டும். இதை ஏன் வாங்கினாய் என்று மட்டும் கேட்காதீர்கள், மிச்சக் காசையும் திருப்பி வாங்காதீர்கள்.