செம்பு மட்டும் போதாது
டார்ச்சில் எல்இடியைப் பற்றவைக்கும் (சால்டர் செய்யும்) அலுமினியப் பலகைக்குப் பதில் செம்புப் பலகை போட்டாலே வெளிச்சம் கூடிவிடும் என்று இங்கே வந்த கட்டுரை சொல்வது பாதி உண்மைதான். எல்இடி சூடாகச் சூடாக அதன் வெளிச்சம் குறையும், அதனால் பலகை வெப்பத்தை வேகமாக வெளியேற்ற வேண்டும். செம்பு அலுமினியத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் சாதாரணப் பலகையில் எல்இடிக்கும் அந்த உலோகத்துக்கும் நடுவே ஒரு மின்காப்புப் படலம் இருக்கிறதே! செம்பின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 400 வாட் என்றால், இந்தப் படலத்துக்குப் பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான். வெப்பம் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றுவிட்டால் அடியில் எந்த உலோகம் இருந்து என்ன பயன்? எல்இடியின் அடியில் வெப்பத்தை வெளியேற்ற இருக்கும் நடுத்தகட்டைப் படலமே இல்லாமல் செம்பின் மீது நேராகப் பற்றவைக்கும் பலகைதான் உண்மையான வித்தியாசத்தைக் காட்டும். ஒரே வகை எல்இடி இரண்டை, ஒன்றைப் படலமுள்ள அலுமினியத்திலும் மற்றொன்றை இப்படிப்பட்ட செம்பிலும் பற்றவைத்து, ஒரே ஹீட் சிங்கில் (வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் உலோகக் கட்டியில்) மாற்றி மாற்றிப் பொருத்தி, வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை அசைக்காமல் வைத்து அளந்தேன். 1 ஆம்பியரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. 4 ஆம்பியருக்கு ஏற்றியதும் அலுமினியத்தின் எண் கண்ணெதிரே சரிந்துகொண்டே போனது. செம்பு அசராமல் நின்றது. இரண்டு பலகைக்கும் வேறுபாடே இல்லை என்று கட்டுரைக்குக் கருத்து எழுதியிருக்கும் நண்பர் எத்தனை ஆம்பியரில் அளந்தார் என்று சொன்னால் நன்றாக இருக்கும். பேட்டரியில் அளந்திருந்தால் அதன் மின்னழுத்தச் சரிவும் கணக்கில் கலந்துவிடும். சீரான மின்னோட்டம் தரும் பவர் சப்ளையில் 30 வினாடி எரியவிட்டு மறுபடி பாருங்கள். பற்றவைப்பில் காற்றுக் குமிழி சிக்கியிருந்தால் செம்பும் தோற்றுப்போகும், அதையும் கவனியுங்கள்.