அந்த எட்டு விநாடியைப் பகிர்ந்தவர்களுக்கு

நேற்று மாலையிலிருந்து எல்லார் பக்கத்திலும் அந்தக் காணொளிதான் ஓடுகிறது. செய்தி வாசிக்கும் பெண் ஒரு பெயரில் தடுமாறுகிறார், நிறுத்துகிறார், மறுபடியும் தப்பாகவே சொல்கிறார். எட்டே விநாடி. அதற்குப் பின்னணி இசை வேறு சேர்த்திருக்கிறார்கள்.

பதினொரு ஆண்டுகள் ஓர் உள்ளூர்ச் செய்தி அலைவரிசையில் பேனல் தயாரிப்பாளராக இருந்தேன். கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து வாசிப்பாளரின் காதில் பேசுவது என் வேலை. உங்களுக்குத் தெரிவது ஒரு முகம். அந்தக் காதுக்குள்ளோ, ‘நேரலை இன்னும் வரவில்லை, முப்பது விநாடி இழுங்கள்’ என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டிருக்கும். வாசிக்க வேண்டிய வரிகள் ஓடும் டெலிப்ராம்ப்டர் திரையில் வரிகள் பாதியில் மாறும். கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். அந்தப் பெயர் திரையில் சரியாகத்தான் இருந்ததா என்று உங்களில் ஒருவராவது கேட்டீர்களா?

என் கதையையே சொல்கிறேன். ஒரு பேருந்து விபத்தன்று, இறந்தவர்கள் 4 என்பதை 14 என்று அடித்துவிட்டேன். திரையில் வந்ததை அன்றைய வாசிப்பாளர் வாசித்தார். இரண்டு நிமிடம் கழித்து ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்றவரும் அவர்தான். மறுநாள் மருந்துக் கடையில் ஒருவர் அவரை வழிமறித்து, ‘என் தம்பி அந்த பஸ்ஸில் வந்தான், அந்த இரண்டு நிமிடம் எங்கள் வீடு என்ன பாடுபட்டது தெரியுமா’ என்று கத்தியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார், என் பெயரைச் சொல்லவில்லை. அன்று மாலை ஒப்பனை அறையில் அவர் பவுடர் போடப் போட, கண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டே இருந்தது. வாசலில் நின்று பார்த்தேன். தவறு என்னுடையது, முகம் அவருடையது.

‘சம்பளம் வாங்கவில்லையா’ என்கிறீர்கள். அந்தக் காணொளியில் இருக்கும் பெண் காலையில் மைக்குடன் தெருவில், மதியம் குரல் பதிவு, இரவு வாசிப்பு என்று மூன்று பேர் வேலைக்கு ஒரு சம்பளம் வாங்குகிறார். உச்சரிப்பு முக்கியம் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னூட்டங்களில் உச்சரிப்பா இருக்கிறது? வயது, உடம்பு, உடை. படித்துவிட்டு இரவு தூக்கமே வரவில்லை.

இது இன்று முளைத்த வியாதி இல்லை. அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் கிறிஸ்டின் கிராஃப்ட் என்ற வாசிப்பாளரை 1981இல் அந்த இருக்கையிலிருந்து இறக்கினார்கள். வயது கூடிவிட்டது, அழகு போதாது, ஆண்களுக்கு அடங்கி நடக்கவில்லை என்று தன்னிடம் காரணம் சொன்னதாக அவர் வழக்குத் தொடுத்தார். முப்பதுகளில் இருந்த பெண். 1983இல் நடுவர் குழு 5 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. கடைசியில் மேல்முறையீட்டில் தோற்றுப்போனார். அவர் செய்திகளைச் சரியாக வாசித்தாரா என்பது அங்கேயும் யாருக்கும் முக்கியமாகப் படவில்லை.

‘பொதுவெளிக்கு வந்தால் தாங்கித்தான் ஆக வேண்டும்’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எதைத் தாங்க வேண்டும்? என் தட்டச்சுப் பிழையையா, உங்கள் வக்கிரத்தையா? அந்தக் காணொளிப் பெண்ணின் பிள்ளையும் கைப்பேசி பார்க்கும் வயதில் இருக்கலாமே.

பகிர்ந்தவர்களில் மூன்று பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். இன்றிரவுச் செய்தி தொடங்குவதற்குள் அதை நீக்கிவிடுங்கள். அவர் இன்றும் அதே இருக்கையில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.