தெரியாமல் கட்டிய டெக் இல்லை அது

ஞாயித்துக்கிழமை புதுச்சேரி முத்தியால்பேட்டை மாடியில நாங்க ஆடின மேஜிக்: தி கேதரிங் கார்டு ஆட்டத்துல நடந்ததைப் பத்தி எழுத வேண்டாம்னுதான் வாயை மூடிட்டு இருந்தேன். ஆளுக்கு ஒரு கார்டுக் கட்டு (டெக்) கட்டி, ஒரு கார்டைத் தலைவனா (கமாண்டர்) வைச்சு ஆடுற கமாண்டர் ஆட்டம் அது. என் டெக்கைத் தெரியாமக் கட்டினதுன்னு குரூப்புல கேலி பண்ணினாங்க, பொறுத்துக்கிட்டேன். நேத்து ராத்திரி குரூப்புல விழுந்த கமென்ட்டைப் பார்த்த பிறகு முடியலை. யாரு, என்னன்னு இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். பேரு போட மாட்டேன். ஆனா விஷயத்தைப் பேசியே ஆகணும்.

முதல்ல ஒண்ணை அடிச்சுச் சொல்லிடுறேன். பவரைக் குறைச்சு டெக் கட்டுறவன் கட்டத் தெரியாம கட்டுறவன் இல்லை. தெரிஞ்சு, யோசிச்சு, வேணும்னே குறைச்சுக் கட்டுறான். எத்தனை தடவை சொன்னாலும் சில பேரு காதுல இது ஏற மாட்டேங்குது. அதனால இந்தப் பதிவுலயே திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கோங்க.

அன்னிக்கு உட்காரும்போது என்ன பேசினோம்? பிராக்கெட் 2. நாலு பேரும் சரின்னு தலையாட்டினோம். 2025 பிப்ரவரியில இந்த பிராக்கெட் முறை வந்ததே, மேசையில உட்கார்றதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரே மொழியில பேசிக்கணும்னுதான். ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் இருக்கு, நம்பர் ஏற ஏற டெக்கோட பலம் ஏறும். முறை வந்தப்ப ரெண்டுங்கிறது கடையில பெட்டியோட வாங்குற ப்ரீகான் டெக் அளவுன்னு சொன்னாங்க. ஆட்டத்தையே புரட்டிப் போடுற பலமான கார்டுங்களுக்குன்னு கேம் சேஞ்சர்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல இருக்கிற கார்டு ஒண்ணு கூட இருக்கக் கூடாது. ரெண்டே கார்டைச் சேர்த்து முடிவே இல்லாமச் சுத்த விடுற இன்ஃபினிட் காம்போ கூடாது. இதெல்லாம் அன்னிக்கு எங்களோட ஆடின அந்தத் தம்பிக்குத் தெரியாதுன்னு யாராவது சொன்னா நம்ப மாட்டேன். எங்களுக்கெல்லாம் இந்த முறையை விளக்கிச் சொன்னதே அவன்தான்.

"ப்ரீகான்தான் அண்ணா, கொஞ்சம் கார்டு மட்டும் மாத்தியிருக்கேன்"னு சொன்னான். அந்தக் கொஞ்சத்துல தாசாஸ் ஆரக்கிள் இருந்தது. டெமானிக் கன்சல்டேஷன் இருந்தது. அதைத் தேடி எடுக்க டியூட்டர் இருந்தது. ஆறாவது சுத்துல ஆரக்கிளை இறக்கினான். அது வேலை செய்யறதுக்குள்ள கன்சல்டேஷனைப் போட்டு, டெக்குலயே இல்லாத ஒரு கார்டு பேரைச் சொன்னான். மொத்த லைப்ரரியும், அதாவது இன்னும் எடுக்காம மிச்சமிருக்கிற கார்டு அடுக்கும், காலி. லைப்ரரி காலியா இருந்தா ஆரக்கிள் ஜெயிச்சுக் கொடுக்கும். மூணே மானா (கார்டை இறக்கச் செலவாகுற சக்தி). ஆட்டம் முடிஞ்சது. கேட்டா, "இது இன்ஃபினிட் காம்போ இல்லையே அண்ணா, ஒரே தடவைதானே நடக்குது"ங்கிறான். ஆரக்கிள் கேம் சேஞ்சர் பட்டியல்லயே இருக்குப்பா. இதுல என்ன வாதம் வேண்டிக் கிடக்கு?

தோத்ததுக்கு அழறேன்னு குரூப்புல எழுதியிருக்காங்க. அன்னிக்கு என் டெக்கை வைச்சு ஆடினது நான் இல்லை, என் அக்கா பையன். ஒன்பதாவது படிக்கிறான். முதல் தடவையா கடலூர் திருப்பாப்புலியூர்லேர்ந்து பஸ் ஏத்திக் கூட்டிட்டு வந்தேன். என் கடல் டெக்கை அவன்கிட்ட கொடுத்துட்டு, நான் வேற ஒரு டெக்கை எடுத்துக்கிட்டேன். முறுக்கு சாப்பிட்ட கையைச் சட்டையில ரெண்டு தடவை துடைச்சுட்டுத்தான் ஸ்லீவைத் தொட்டான். அவ்வளவு பத்திரமா ஆடினான்.

அந்த டெக்கோட கமாண்டர் ஆரிக்ஸ்மெதீஸ். 2018 கமாண்டர் செட்டுல வந்தது. கிராக்கன்ங்கிற கடல் ராட்சசன், 12/12 (அடிக்கிற பலம் 12, தாங்குற பலம் 12). நாலு மானாவுக்கு இறங்கிடும், ஆனா தூங்கிக்கிட்டேதான் இறங்கும். மேல அஞ்சு ஸ்லம்பர் கவுன்ட்டர் இருக்கும். அது இருக்கிற வரைக்கும் அது மிருகமே இல்லை, வெறும் லேண்ட், மானா கொடுக்கிற நிலம். தீவுன்னு நினைச்சு மேல ஊரே கட்டிக் குடியிருக்காங்க, படத்துல பாருங்க. நாம ஒவ்வொரு ஸ்பெல் (லேண்ட் இல்லாத கார்டு) போடும்போதும் ஒரு கவுன்ட்டரை எடுக்கலாம். அஞ்சும் போனா தீவு எழுந்திரிச்சு நடக்கும். ரெண்டு அடி அடிச்சா 24, ஒரே கமாண்டர்கிட்ட வாங்கின அடி 21 ஆனாலே போதும், எதிராளி காலி.

பையன் கவுன்ட்டருக்குப் பதிலா ஒரு நீல டைஸை வைச்சிருந்தான். அஞ்சு, நாலு, மூணுன்னு ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் திருப்பி வைச்சுக்கிட்டே வந்தான். அந்த ஆறாவது சுத்துல டைஸ் ஒண்ணுல நின்னுச்சு. கையில எட்டு மானாவுக்கு ஸ்டார்ம்டைட் லெவியாதன் தயாரா இருந்தது. அடுத்த சுத்துல தீவு எழுந்திருக்கும். "மாமா, பாருங்க"ன்னு கையை லேசாச் சாய்ச்சு எனக்குக் காட்டினான். அப்பதான் ஆரக்கிள் இறங்கினது.

அவன் தோத்ததுல எனக்கு வருத்தமே இல்லை. யாராவது ஒரு பெரிய பாம்பை வைச்சு அவனை மோதித் தோக்கடிச்சிருந்தா அவனே கைதட்டியிருப்பான். என்ன நடந்ததுன்னே அவனுக்குப் புரியலை. கார்டை எல்லாம் அடுக்கிட்டு இருக்கிற ஆளுங்க மூஞ்சியை ஒவ்வொண்ணாப் பார்த்தான். திரும்பி வர்ற பஸ்ஸுல அரியாங்குப்பம் தாண்டினதும், "மாமா, நான் தப்பா ஆடிட்டேனா?"ன்னு கேட்டான். இல்லைடா கண்ணா, நீ சரியாத்தான் ஆடினே.

சரி, டெக்குக்கு வர்றேன். அதைப் பத்திப் பேசாம இந்தப் பேச்சு முழுசாகாது.

"மீன் மார்க்கெட் டெக்"னு போட்டோ எடுத்துப் போட்டிருக்காங்க. அதைக் கட்ட எனக்கு எவ்வளவு யோசனை ஆச்சு தெரியுமா? நூறு கார்டு, சாதா லேண்டைத் தவிர ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாது, அது கமாண்டர் விதி. அதுக்கு மேல நானா வைச்சுக்கிட்ட விதி என்னன்னா, உள்ள இருக்கிற ஒவ்வொரு ஜீவனும் கிராக்கன், லெவியாதன், ஆக்டோபஸ், செர்பன்ட் இந்த நாலுல ஒண்ணா இருக்கணும். இதுங்க எல்லாம் ஆறு, ஏழு, எட்டு மானா கேக்குற ராட்சசங்க. முதல் மூணு சுத்துல மேசையில வைக்க ஒண்ணுமே இருக்காது. அப்ப ரேம்பன்ட் குரோத், கல்டிவேட், கொடாமாஸ் ரீச்னு லேண்டைத் தேடி எடுக்கிற கார்டுங்களை அடுக்கணும். க்வெஸ்ட் ஃபார் உலாஸ் டெம்பிள் 2010-ல வந்த ஒரு மானா என்சான்ட்மென்ட். இந்த நாலு இனத்தை மானா செலவில்லாம இறக்கவே செஞ்ச மாதிரி இருக்கும். அது சீக்கிரம் கையில வந்தா கொண்டாட்டம், வரலைன்னா பொறுமை.

சைக்ளானிக் ரிஃப்ட் என்கிட்ட இருக்கு. போடலை. அதுக்குப் பதில் வெல்மிங் வேவ் போட்டிருக்கேன். ஒரு பெரிய அலை வந்து எல்லா ஜீவனையும் அவங்கவங்க கைக்குத் திருப்பி அனுப்பிடும், இந்த நாலு கடல் இனத்தைத் தவிர. ரிஃப்ட்டோட ஒப்பிட்டா அது பலம் குறைஞ்ச கார்டுதான். ஆனா அது விழுந்த பிறகு மேசையைப் பாருங்க. எல்லாரும் துடைச்ச மாதிரி நிப்பாங்க, நடுவுல நம்ம ஆக்டோபஸ் மட்டும் அசையாம உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு காட்சிக்காகத்தான் அந்தக் கார்டு அங்க இருக்கு. சோல் ரிங் எல்லா ப்ரீகான்லயும் வருது, அதையும் எடுத்துட்டேன். முதல் சுத்துல அது விழுந்தா ஆட்டம் ஒரே பக்கமாச் சாஞ்சிடுது, எனக்குப் பிடிக்கலை. டியூட்டர் ஒண்ணும் கிடையாது. எந்தக் கார்டு வருதோ அதை வைச்சுத்தான் பொழைக்கணும்.

இதைத்தான் தெரியாமக் கட்டினதுன்னு சொல்றீங்களா? பலமான டெக் கட்டுறது சுலபம்ங்க. நெட்டுல பட்டியல் இருக்கு, அப்படியே எடுத்துப் பிரின்ட் போட்டா முடிஞ்சது. எதை விடணும்னு முடிவு பண்றதுலதான் நாள் கணக்கா உட்கார வேண்டியிருக்கு.

இதுக்கு என்ன பதில் வரும்னும் தெரியும். "பணம் இருக்கிறவன் நல்ல கார்டு வாங்குறான், உனக்கு ஏன் எரியுது?"ன்னு ஒருத்தர் கேட்டாச்சு. ஐயா, நம்ம மேசையில யாருகிட்ட அசல் கார்டு இருக்கு? வெளிநாட்டுலேர்ந்து வரவழைச்சு, கூரியருக்கும் கஸ்டம்ஸுக்கும் அழுது கட்டுப்படியாகாதுன்னுதானே பாதிக்கு மேல ப்ராக்ஸி, பிரின்ட் போட்ட நகல்? கலர் பிரின்ட் கடையில சாதா ஃபாரஸ்ட் கார்டுக்கும் ஒரே காசுதான், ஊர்லயே விலை அதிகமான கார்டுக்கும் ஒரே காசுதான். யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் பிரின்ட் பண்ணலாம். அப்ப நமக்குள்ள இருக்கிற ஒரே வேலி பேசி வைச்ச பேச்சு மட்டும்தான். அதையும் பிடுங்கிப் போட்டா மிச்சம் என்ன இருக்கு?

"தடை பண்ணின கார்டு இல்லையே"ன்னு இன்னொரு நியாயம். இல்லைதான். தடை பண்ணினது இல்லைங்கிறதுக்காக எல்லா மேசைக்கும் பொருத்தமானதுன்னு ஆயிடுமா? தெருவுல சின்னப் பசங்களோட டென்னிஸ் பந்து மேட்ச்னு பேசிட்டு, பாக்கெட்லேர்ந்து கார்க் பந்தை எடுத்தா அடி வாங்குறது யாரு? கார்க் பந்து மேல தப்பில்லை. அதே தம்பி "இன்னிக்கு பிராக்கெட் நாலு, அஞ்சு ஆடலாமா"ன்னு கேட்டிருந்தா நானும் அதுக்குத் தகுந்த டெக்கை எடுத்திருப்பேன். என்கிட்ட இருக்கு. அதுலயும் அவனோட மோதியிருக்கேன், ஜெயிச்சும் இருக்கேன். அதனால பயந்துக்கிட்டுப் பேசறேன்னு யாரும் நினைக்க வேண்டாம்.

"நீலக் கலர் டெக்தானே, எதிராளி கார்டைத் தடுக்கிற கவுன்ட்டர் ஸ்பெல் வைச்சிருக்கணும்"னு சொல்றவங்களுக்கு: வைச்சிருக்கேன், கொஞ்சம். பையன் கையில வரலை. விட்டுடுங்க.

"சின்னப் பையனை ஏன் கூட்டிட்டு வந்தே"ன்னு கேட்டவருக்கு நான் பதில் சொல்லப் போறதில்லை.

கமாண்டர் ஆட்டத்தோட கதையே இப்படி ஆரம்பிச்சது இல்லைங்க. 1994-ல வந்த லெஜெண்ட்ஸ் செட்டுல அஞ்சு எல்டர் டிராகன். அதுங்க ரொம்பப் பெருசு, ரொம்ப மெதுவு, போட்டி ஆட்டத்துக்கு லாயக்கில்லை. அதுங்களைத் தலைவனா வைச்சு ஆடிப் பார்க்கலாமேன்னு ரசிகர்கள் தாங்களா உண்டாக்கினதுதான் இது. ஷெல்டன் மெனரி மாதிரி ஆளுங்க அதை ஊர் ஊராப் பரப்பினாங்க. கம்பெனி இதுக்குன்னு பெட்டி போட்டு விற்க வந்தது 2011-லதான். ஜெயிக்க லாயக்கில்லாத பெரிய மிருகத்தை மேசையில பார்க்கணும்கிற ஆசையில பொறந்த ஆட்டம் இது. என் ஆரிக்ஸ்மெதீஸ் அந்த வழியில வந்தவன். ஆறாவது சுத்துல மூணு மானாவுல முடிக்கிறதுக்கு வேற மேசை இருக்கு, அங்க போய் தாராளமா ஆடலாம். 2024 செப்டம்பர்ல நாலு கார்டைத் தடை பண்ணினதுக்கு விதிக் குழு ஆளுங்களை மிரட்டுற அளவுக்குப் போனாங்க, குழுவே பொறுப்பைக் கம்பெனி கையில கொடுத்துட்டு ஒதுங்கிடுச்சு. கார்டு மேல அவ்வளவு வெறி. நம்ம மேசைக்கும் அது வந்துடக் கூடாதுன்னுதான் கவலைப்படுறேன்.

இப்ப நேத்து ராத்திரி கமென்ட்.

"பச்சை இருக்கு இல்ல, சுனாமி போட்டிருந்தா ஜெயிச்சிருக்கலாம். கடலூர்க்காரனுக்கு சுனாமியைப் பத்திச் சொல்லியா கொடுக்கணும்?" அதுக்குக் கீழ வரிசையா சிரிப்பு எமோஜி.

சுனாமின்னு ஒரு கார்டு நிஜமாவே இருக்கு. 1993-ல வந்த முதல் செட்டுலயே இருக்கு. பச்சைக் கலர், நாலு மானா, மேசையில இருக்கிற எல்லா ஐலண்டையும் (நீல மானா கொடுக்கிற லேண்ட்) அழிச்சிடும். ஆட்டக்காரனாப் பதில் சொல்றேன்: என் டெக்கே பச்சையும் நீலமும். அதைப் போட்டா முதல்ல என் ஐலண்ட்தான் போகும். கூட்டமா லேண்டை அழிக்கிறது பிராக்கெட் 2-ல சேர்த்தியும் இல்லை. ஆக, ஆட்டமாப் பார்த்தாலும் அது மடத்தனமான யோசனை.

ஆனா நான் அதைப் போடாததுக்குக் காரணம் இது இல்லை. அந்தப் பேரு போட்ட கார்டை என் கையால எடுத்து மேசையில வைக்க மாட்டேன், எந்த பிராக்கெட்டா இருந்தாலும் சரி. 2004 டிசம்பர் 26 நான் ஏழாவது படிச்சுக்கிட்டிருந்தேன். அன்னிக்கும் ஞாயித்துக்கிழமைதான். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, தாழங்குடா, சோனாங்குப்பம்னு பேரு மட்டும் வரிசையா காதுல விழுந்துக்கிட்டே இருந்தது. ஜனவரியில பள்ளிக்கூடம் போனப்ப என் பெஞ்சுல என் பக்கத்துல ஒரு இடம் காலி. வருஷம் முடியற வரைக்கும் வாத்தியாரும் அந்த இடத்துல வேற யாரையும் உட்காரச் சொல்லலை, நாங்களும் தள்ளி உட்காரலை. புதுச்சேரியிலயும் கடலோரக் குப்பங்கள்ல எத்தனை வீட்டுல இழவு விழுந்ததுன்னு அந்த கமென்ட் போட்டவனோட அப்பா அம்மாவைக் கேட்டாலே சொல்லுவாங்க.

"அலை வர்ற வெல்மிங் வேவ் மட்டும் போடுறியே"ன்னு கேப்பீங்க. ஆமாம், போடுறேன். கடல் எனக்குப் பிடிக்கும். சில்வர் பீச்சுல மணல்ல உட்கார்ந்து வளர்ந்தவன் நான். ஆழத்துல என்னென்ன தூங்கிக்கிட்டு இருக்குமோன்னு சின்ன வயசுலேர்ந்தே நினைச்சுக்கிட்டு இருப்பேன். கிராக்கனும் லெவியாதனும் அந்த நினைப்புக்கு ஒரு உருவம், அதான் அந்த டெக்கைக் கட்டினேன். எது விளையாட்டு, எது விளையாட்டு இல்லைன்னு நானே ஒரு கோடு போட்டுக்கிட்டேன். அந்தக் கோட்டைத்தான் நீங்க "தெரியாமக் கட்டினது"ன்னு சொல்றீங்க. எதை விடணும்னு தெரிஞ்சுதான் விட்டேன். ரிஃப்ட்டை விட்டதும் அப்படித்தான், சோல் ரிங்கை விட்டதும் அப்படித்தான், இதை விட்டதும் அப்படித்தான்.

அடுத்த ஞாயிறு அதே டெக்கோட வர்றேன். பையன் வர்றேன்னு சொன்னா அவனையும் கூட்டிட்டு வருவேன், மேசையில உட்கார்றதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் அவங்க டெக்குல கேம் சேஞ்சர் இருக்கா, காம்போ இருக்கான்னு வாயைத் திறந்து சொல்லணும்னு கேப்பேன். கோவிச்சுக்கக் கூடாது. ஆரக்கிள் விஷயத்துல உன் மேல எனக்குப் பெரிய கோபம் இல்லை தம்பி, பேசிக்கலாம், மறுபடியும் ஆடலாம். கமென்ட் போட்டவரே, உங்களை ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த ஒரு வரியை குரூப்புலேர்ந்து எடுத்துடுங்க. என் டெக்கைப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதிக்கோங்க, அந்த மீன் மார்க்கெட் போட்டோ கூட அங்கயே இருக்கட்டும்.