அந்தச் சிறுமி கைது செய்யப்படவில்லை

அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல்லின் ஓவியத்தை உங்கள் பதிவில் போட்டு, 'கறுப்பினச் சிறுமியைக் கைது செய்து இழுத்துச் செல்லும் போலீஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு, நண்பரே. நடப்பது நேர் எதிர். ஓவியத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: அவளுக்கு முன்னும் பின்னும் நடக்கும் ஆட்களின் கையில் மஞ்சள் பட்டை இருக்கிறது. அவர்கள் அமெரிக்க மத்திய அரசின் மார்ஷல்கள் (நீதிமன்ற உத்தரவுகளை நிறைவேற்றும் அதிகாரிகள்), அவளுக்குக் காவலாக நடக்கிறார்கள். அவள் கையில் நோட்டும் ஸ்கேலும் இருக்கின்றன. பள்ளிக்குப் போகிறாள்!

அவள் ரூபி பிரிட்ஜஸ், அப்போது ஆறு வயது. 1960 நவம்பர் 14 அன்று, நீதிமன்ற உத்தரவுப்படி, வெள்ளையர் மட்டுமே படித்துவந்த நியூ ஆர்லியன்ஸ் பள்ளி ஒன்றில் சேர்ந்தாள். வெளியே கூட்டம் கூச்சலிட்டது. வெள்ளைக்காரப் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட, அந்த ஆண்டு முழுக்க பார்பரா ஹென்றி என்ற ஆசிரியை அவள் ஒருத்திக்கு மட்டும் பாடம் நடத்தினார்.

உங்கள் பதிவின் கீழே கருத்து எழுதிய ஒருவர், 'மார்ஷல்களின் தலை வெட்டுப்பட்டது அச்சுப் பிழை' என்கிறார். அதுவும் சரியில்லை. ராக்வெல் வரைந்ததே அப்படித்தான். பெரியவர்களின் முகம் தெரியாததால் நம் கண் நேராகக் குழந்தையிடம் போய்விடுகிறது. சுவரில் இனவெறி வசவு, எறிந்த தக்காளி வழிந்த சிவப்புக் கறை, அதன் முன்னால் அவளுடைய வெள்ளை கவுன். எறிந்தவர்களை அவர் வரையவே இல்லை. அவர்கள் நின்ற இடத்தில் இப்போது நாம் நிற்கிறோம். முதல்முறை இது புரிந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அப்புறம், இது சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகையின் அட்டைப்படமும் அல்ல. 1964 ஜனவரியில் லுக் பத்திரிகையின் உள்பக்கங்களில் வந்தது. தலைப்பை மட்டுமாவது மாற்றிவிடுங்கள், பலர் அப்படியே பகிர்கிறார்கள்.